மூன்று யாஸ், ஒன்று பழுது

செபமாலை படங்கின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். நாரந்தனைத் தேவாலய மண்டபத்தின் மூலையில் தூசி எழும்பி, யன்னலால் விழுந்த வெயிலுக்குள் நின்று சுழன்றது. தூசிக்குள்ளிருந்து முதலில் ஒரு பெரிய மேளம் வந்தது. பிறகு இரண்டு சின்ன மேளங்கள். தூண்டில் தங்கூசியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பித்தளைத் தட்டு. கடைசியாக, சைக்கிள் பிறேக்குக் கம்பிகளை வைத்துச் செய்த ஒரு கால்மிதி.

“இதுதான் அண்ணை யாஸ்,” என்றார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தேன். யாராவது உள்ளே வருவார்கள் என்று நினைத்தேன். ஒரு ஆடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

“யாஸ் வாசிக்கிற ஆக்கள் எங்கை?”

“நான்தான்.”

“மற்ற ஆக்கள்?”

“இதுக்கு ஒரு ஆள் காணும் அண்ணை. ரெண்டு பேர் இருக்க இடமில்லை.”

“செபமாலை, இது மேளம்.”

“மேளம் கோயில்ல அடிக்கிறது. இது காலாலையும் அடிக்கிறது. அதுதான் யாஸ்.”

என் கையில் சக்சபோன் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். கொழும்பிலிருந்து இரண்டு தரப்பின் சோதனைச்சாவடிகளையும் தாண்டி, மூன்று பஸ் மாறி, அந்தப் பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு மேளத்தைப் பார்ப்பதற்காக.

ஒரு எழுத்தால் வந்தது

எங்கள் பக்கத்தில் ஜ நாக்கில் நிற்காது. ஜப்பான் யப்பான் ஆகும். ஜன்னல் யன்னல் ஆகும். ஆகவே ஜாஸ் யாஸ் ஆனதில் குற்றம் இல்லை. குற்றம் வேறு இடத்தில்.

எப்போதோ ஒரு காலத்தில் எங்கள் ஊர் இசைக்கோஷ்டிக்காரர் கொழும்புக்குப் போய், காலால் மிதித்து அடிக்கிற மேளக் கூட்டம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரன் அதை ஜாஸ் செட் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் தீவுக்கு வந்து சேர்வதற்குள் செட் வழியில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சாமானே யாஸ். ‘யாஸை வண்டியில ஏத்து’ என்பார்கள். ‘யாஸ் நனைஞ்சு போச்சு’ என்பார்கள்.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அதே தீவின் சுருவிலில் பிறந்தவன். ஆனால் பதினெட்டு வயதில் எழுதுவினைஞர் சோதனை பாஸ் பண்ணிக் கொழும்புக்குப் போனவனுக்கு ஊர்ச் சொற்களில் பாதி, ஓய்வூதியம் போல, பிந்தித்தான் கைக்கு வரும்.

நான் தேடி வந்த ஜாஸ் வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை அது. நாலு பேர் ஒரு பாட்டை எடுத்து நடுவில் வைப்பார்கள். ஒவ்வொருவராக அதைக் கழற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து பூட்டுவார்கள். அரசாங்க விசாரணைக் குழு மாதிரித்தான், ஆனால் இதில் ஒரு முடிவு வரும்.

வருவதற்கு முன் செபமாலையிடம் தொலைபேசியில் விசாரித்திருந்தேன். அவர் நாரந்தனைக் கடற்றொழிலாளி. ஆளில்லாமல் கிடந்த எங்கள் சுருவில் வீட்டை இடைக்கிடை போய்ப் பார்க்கிறவர். அவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்.

“உங்கட பக்கம் யாஸ் இருக்கோ?”

“மூண்டு இருக்கண்ணை. ஒண்டு பழுது.”

மூன்று குழு இருக்கிறது, ஒன்றில் ஆட்களுக்குள் மனஸ்தாபம் என்று விளங்கிக்கொண்டேன். மனஸ்தாபம் இல்லாத ஜாஸ் குழுவை நான் கண்டதில்லை. அதனால் சந்தேகமே வரவில்லை.

“ஆர் ஆரிட்டை இருக்கு?”

“ஒண்டு என்னட்டை. ஒண்டு ஊர்காவற்றுறையில சிஸ்ரரிட்டை. மற்றது நெடுந்தீவில.”

கன்னியாஸ்திரி ஒருவர் ஜாஸ் குழு நடத்துகிறாராம். போர் ஒரு சமூகத்தை எவ்வளவு மாற்றிவிட்டது என்று அன்று இரவு மனைவிக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன்.

பாக்கியத்தின் நிபந்தனை

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் மனைவி பாக்கியத்தைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: நான் சுற்றறிக்கை எழுதியவன், அவள் அதைக் கடாசியவள்.

வடக்குக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை திறந்து, துவக்குகள் சற்று வாய் மூடியிருந்த காலம். நான் ஓய்வு பெற்றுச் சில மாதம். நானும் இன்னும் மூன்று பேரும் முப்பது வருடமாக ஹொட்டேல்களில் சனி ஞாயிறு வாசித்த குழு உதிர்ந்து முடிந்திருந்தது. ஒருவர் அவுஸ்திரேலியாவில், ஒருவர் கல்லறையில், ஒருவருக்குக் காது கேளாது. கடைசியாக வாசித்த ஹொட்டேல், எங்களுக்குப் பதிலாகத் தானே வாசிக்கிற ஒரு மின்சாரப் பெட்டியையும் அதை அமத்துகிற ஒரு பொடியனையும் வைத்துக்கொண்டது. பெட்டிக்குச் சாப்பாடு கொடுக்கத் தேவையில்லை.

சக்சபோன்காரனுக்கு உதடுதான் உத்தியோகம். தனியே அறைக்குள் இருந்து ஊதினால் உதடு இருக்கும், காது போய்விடும். இன்னொருவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக் கேட்டு வாசிக்கிற பழக்கம் போய்விடும். எனக்கு அது போய்க்கொண்டிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு. சுருவிலில் சொந்த வீடு, கூரையில் ஒரு மூலை மட்டும் இல்லை. ஊருக்குப் போவோம் என்றேன். அங்கே ஒரு குழு சேர்ப்பேன் என்றேன்.

“ஆரோடை வாசிக்கப் போறியள்? ஆட்டோடையோ?” என்றாள் பாக்கியம்.

“ஆக்கள் இருக்கினம்.”

“இஞ்சாருங்கோ. வாசிக்கத் தெரிஞ்ச மூண்டு பேர். உயிரோடை இருக்கிற மூண்டு பேர். ஒரு கிழமை போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. இருக்கினமெண்டால் நான் சாமான் கட்டுறன். இல்லையெண்டால் இதை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துப்போட்டு, இஞ்சையே பேசாமல் இருப்பம்.”

கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்று தன் வாத்தியக் குழுவுக்கு என் சக்சபோனைக் கேட்டிருந்தது. நல்ல பள்ளிக்கூடம். நன்றாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் கொடுத்த பிறகு நான் யார் என்ற கேள்விக்கு, ‘ஓய்வு பெற்ற நிர்வாக உத்தியோகத்தர்’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. அந்தப் பதவிப்பெயரை நான் வேலையில் இருந்தபோதே அவ்வளவாக விரும்பியதில்லை.

கோப்பு அறையில் படித்த இசை

எனக்கு இந்த வாத்தியத்தைக் கற்றுத் தந்தவர் லோறன்ஸ் என்ற பறங்கி இனத்தவர். எங்கள் திணைக்களத்தின் கோப்பு அறைக்குப் பொறுப்பானவர். வெள்ளிக்கிழமை மாலையில் கடற்கரை ஹொட்டேல் ஒன்றில் சக்சபோன் வாசிப்பார். திங்கட்கிழமை காலையில் எந்தக் கோப்பும் கிடைக்காது.

மத்தியான இடைவேளையில் கோப்பு அறைக் கதவைப் பூட்டிவிட்டுச் சொல்லிக் கொடுப்பார். சுவர் முழுக்கக் கோப்பு. கடதாசி சத்தத்தைக் குடிக்கும், வெளியில் ஒன்றும் கேட்காது. அந்தக் கோப்புகளால் யாருக்காவது நன்மை விளைந்தது என்றால் அது எனக்குத்தான்.

லோறன்ஸுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: முடிவு. ‘முடிக்காதே, போய்க்கொண்டே இரு. நீ முடித்தால் கரண்டிச் சத்தம் கேட்கும்’ என்பார். ஹொட்டேலில் அது உண்மை. நீங்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் யாரோ ஒருவர் கோழிக்கால் கேட்பார்.

வளைந்த நாதஸ்வரம்

நான் தீவுக்கு வந்த வழியில் இருந்த பண்ணைப் பாலத்துச் சாவடிக்கும் வருவோம். அங்கே கடற்படைச் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். இரண்டு அடி பின்னால் போனான்.

வாத்தியம் என்று சிங்களத்தில் சொன்னேன். ஊதிக் காட்டச் சொன்னான். அது நியாயமான கோரிக்கை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வெயிலில் நின்று இரண்டு வரி ஊதினேன். பஸ் யன்னல்கள் எல்லாவற்றிலும் தலை முளைத்தது. மீனுக்கு ஐஸ் கொண்டுபோன ஒருவர், “ஐயா, கெதியா முடியுங்கோ, ஐஸ் உருகுது,” என்றார்.

பிறகு பதிவுப் புத்தகம். சக்சபோன் என்பதை எப்படி எழுதுவது என்று சிப்பாய்க்குத் தெரியவில்லை. சக சிப்பாயிடம் கேட்டான். இருவரும் யோசித்து, சிங்களத்தில் ‘நாதஸ்வரம், பித்தளை, வளைந்தது, ஒன்று’ என்று எழுதினார்கள்.

திருத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அலுவலகத்தில் இருந்தவன் அந்தப் பிழையைச் செய்ய மாட்டான். திருத்தம் என்றால் மேலதிகாரி, மேலதிகாரி என்றால் நாளை. அன்றிலிருந்து நான் எந்தச் சாவடியிலும் என் வாத்தியத்தை வளைந்த நாதஸ்வரம் என்றே சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

சூப்புக்கும் மீனுக்கும் இடையில்

செபமாலையின் யாஸைப் பார்த்த அதிர்ச்சி ஆற ஒரு தேத்தண்ணி தேவைப்பட்டது. அதைக் குடித்துக்கொண்டே சொன்னேன். “சரி. ஒருக்கா சேர்ந்து வாசிச்சுப் பாப்பம்.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மண்டபம் அதிர்ந்தது. பல்லிகள் வெளியேறின.

“கொஞ்சம் மெல்ல அடியும்,” என்றேன்.

“மெல்ல அடிச்சால் கடலுக்கு அங்கால கேக்காது அண்ணை.”

“கடலுக்கு அங்கால ஆர் கேக்கிறது?”

“ஆர் கேக்கினமெண்டு ஆருக்குத் தெரியும்?”

அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் மிக உயர்ந்தது. மண்கும்பானில் ஒரு கலியாண வீட்டில் தான் அடித்த அடியில் பந்தல் கால் ஒன்று கழன்றதை மூன்று தரம் சொன்னார். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் எவ்வளவு கோணலாகப் போனாலும் அவருடைய கால் இடம் மாறவில்லை. அலைக்குள் நின்று வலை இழுக்கிற கால் அது. ஒன்று என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஊர்காவற்றுறைக் கன்னியர் மடம். சிஸ்ரர் மெற்றில்டாவின் யாஸ்தான் பழுதானது. கால்மிதி உடைந்து, மேளத்துக்கு மேல் குரோட்டன் சாடி இருந்தது. ஆனால் அதே அறையில், இரண்டு பேர் தூக்கக்கூடிய ஒரு சின்ன ஓகன் இருந்தது. தேவாலயத்தில் வாசிக்கிறவர் அவர்தான்.

என் வயதுதான் அவருக்கும். கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்.

“ஹொட்டேல்ல வாசிச்சனீங்களோ? சாப்பிடுற ஆக்களுக்கோ?”

“ஓம் சிஸ்ரர்.”

“அவை கேக்கிறவையோ?”

“சிலபேர். சூப்புக்கும் மீனுக்கும் இடையில.”

“எனக்கும் அப்பிடித்தான். பிரசங்கத்துக்கும் காணிக்கைக்கும் இடையில,” என்று சொல்லி ஓகனைத் திறந்தார்.

பழைய பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். அதில் மூன்றாவது வரியில் நான் வழமையாகச் செய்கிற ஒரு கள்ளத் திருப்பம் உண்டு. என் குழுவினருக்கே அது பிடிபட இரண்டு வருடம் எடுத்தது. சிஸ்ரர் எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றார்.

“எப்பிடிப் பிடிச்சனீங்கள்?”

“சனம் பாடேக்கை ஒராள் இழுக்கும், ஒராள் ஓடும், முன்வாங்கில இருக்கிற மனிசி தன்ர பாட்டிலை வேறை சுரத்துக்குப் போகும். நான் சனத்துக்குப் பின்னாலை ஓடி ஓடிப் பழகிப்போனன். நீங்கள் ஒராள்தானே. லேசு.”

கொழும்பில் முப்பது வருடத்தில் எனக்குக் கிடைக்காத துணைவாசிப்பு, அந்தக் குரோட்டன் சாடிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அவர் எனக்குக் கீழே விரித்த சுரங்கள் பாய் விரித்தது போல இருந்தன, எங்கே விழுந்தாலும் நோகாது. இரண்டு என்று எழுதிக்கொண்டேன். இம்முறை அடிக்கோடும் போட்டேன்.

ஒடியல் காத்த மேளம்

மூன்றாவது யாஸ் நெடுந்தீவில். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நயினாதீவுக்குப் போகிற பக்தர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர்களுக்கு அரைவாசி தூரமும் இல்லை, தவிலும் நாதஸ்வரமும் நிச்சயம். நடுக்கடலில் நான் வள்ளத்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். செபமாலை எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அன்று கடல் நல்ல அமைதி என்று சொன்னார்.

நெடுந்தீவில் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், நடுவில் மட்டக்குதிரைகள், எல்லாவற்றுக்கும் மேலால் காற்று. யாஸ் ஒரு வீட்டில் இருந்தது. சரியாகச் சொன்னால், யாஸின் பெரிய மேளம் அந்த வீட்டில் இருந்தது. தட்டு பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியது. மேளத்தின் ஒரு பக்கத்துத் தோலைக் கழற்றி, உள்ளே ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கை நிரப்பி, மேலே பலகையால் மூடியிருந்தார்கள்.

“எலி படாது,” என்றார் வீட்டுக்காரி.

“வாசிக்கிறவர்?”

“அவர் பிரான்சுக்குப் போட்டார். பெருநாளுக்கு முதல் ஒடியலைக் கொட்டிப்போட்டு மேளத்தைக் குடுப்பம். ஆராவது அடிப்பினம்.”

கோபம் வரவில்லை. அரசாங்கக் களஞ்சியங்களில் முப்பத்தைந்து வருடம் பார்த்தவன் நான். பாவனையில் இல்லாத பொருள் ஒன்று, அழியாமல், உதவியாக, மீளத் தயாராக இருந்ததை அங்கேதான் கண்டேன். ஒரு ஓலைக் கடகம் நிறைய ஒடியல் தந்தார். ஆனால் ஒடியலை ஆளாகக் கணக்கெடுக்க முடியாது. மூன்றாவது ஆள் இல்லை.

திரும்பி வள்ளம் ஏறினோம். செபமாலைக்கும் பாக்கியத்தின் நிபந்தனை தெரியும். குறிகட்டுவானில் இறங்கியதும் கேட்டார்.

“அப்ப குழலைக் குடுக்கப் போறியளோ?”

“வேறை வழி இல்லை.”

“நாளைக்குப் பின்னேரம் எங்கட வெள்ளுடுப்பு. வந்து ஒருக்கா ஊதிப்போட்டுக் குடுங்கோவன்.”

வெள்ளுடுப்பு

நாட்டுக்கூத்து மேடையேறுவதற்கு முன், வேசம் பூசாமல், வெள்ளை வேட்டியோடு, அரசனுக்கு மணிமுடி மட்டும் வைத்து, ஊராருக்கு ஒரு தரம் ஆடிக் காட்டுவார்கள். அதுதான் வெள்ளுடுப்பு. குறை சொல்கிறவர்கள் அன்றே சொல்லிவிட வேண்டும். எல்லாரும் சொல்வார்கள்.

விடியும்வரை ஆடவேண்டிய கூத்து அது. ஊரடங்கு வருடங்களில் பொழுதுபடுவதற்குள் முடிக்கவேண்டி வந்ததாம், இப்போதும் அதே நீளந்தான். அரசனின் பாட்டை வெட்டினார்கள். மந்திரிகளில் ஒருவரை நீக்கினார்கள். ஆனால் பிற்பாட்டில் ஒரு ஆளைக்கூடக் குறைக்கவில்லை. நான் கண்ட ஆட்குறைப்புகளில் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

பிற்பாட்டு என்றால், ஆடுகிறவர் பாடி முடிக்கிற கடைசி வரியை ஓரமாக இருக்கிற கூட்டம் வாங்கித் திருப்பிப் பாடுவது. அந்த நேரத்தில் ஆடுகிறவர் மூச்சு வாங்கலாம், சுற்றி வரலாம், அடுத்த வரியை யோசிக்கலாம்.

கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மரியாம்பிள்ளை என் பெட்டியைப் பார்த்த பார்வை, பண்ணைச் சிப்பாய் பார்த்ததை விட மோசம்.

“கூத்துக்குள்ள குழல் இல்லை,” என்றார்.

“யாஸுந்தான் இல்லை. நான் இருக்கிறன்தானே,” என்றார் செபமாலை.

“நீ இருக்கிறது பங்குச் சுவாமியார் சொன்னதாலை. நான் சொல்லேல்லை.”

“சிஸ்ரரும் ஓகனோடை வந்திருக்கிறா.”

“சிஸ்ரரே வந்திட்டால் நான் என்ன செய்ய ஏலும்?” என்று அண்ணாவியார் கையை விரித்தார். பிறகு என்னிடம், “மேடையில அரசன் உடுப்பு மாத்திற இடம் வரும், அதில ஊதும். அவன் வந்திட்டால் நிப்பாட்டிப்போடும்,” என்றார்.

அரசன் உள்ளே போனான். நான் எழும்பி ஊதத் தொடங்கினேன். செபமாலை பிடித்துக்கொண்டார். சிஸ்ரர் பாயை விரித்தார். முப்பது வருடப் பழக்கம், நான் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு சந்தால் நுழைந்து மற்றச் சந்தால் வந்தேன். என் கணிப்பில் அது நல்ல வாசிப்பு.

சனம் பேசாமல் இருந்தது. கரண்டிச் சத்தம் இல்லை. அது எனக்குப் பழக்கமில்லாத அமைதி. கடைக்கண்ணால் பார்த்தேன். பிற்பாட்டுக்காரர் எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்து, மூச்சை இழுத்து, வாயை அரைவாசி திறந்தபடி இருந்தார்கள். நான் ஒரு வரியை முடிப்பது போலப் போவேன். வாய்கள் திறக்கும். நான் வேறு பக்கம் திரும்புவேன். வாய்கள் மூடும். கரையில் நின்று வள்ளத்துக் கயிற்றுக்குக் கை நீட்டுகிற ஆட்கள் போல இருந்தார்கள்.

அரசன் முடியைக் கையில் வைத்துக்கொண்டு திரை ஓரத்தில் வந்து நின்றான்.

சிஸ்ரர் ஓகனிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னார். “நீங்கள் நிப்பாட்டினால்தானே அவை எடுக்கலாம்.”

ஒரு சின்ன வரி. நாலைந்து சுரந்தான். அதை வாசித்து, கீழே இறக்கி, விட்டுவிட்டேன். குழலை வாயிலிருந்து எடுத்தேன்.

அவர்கள் அதை எடுத்தார்கள்.

சொல் இல்லாத வரி. அவர்கள் தங்கள் கூத்துச் சொற்கட்டைப் போட்டுத் தானின தன்ன என்று பாடினார்கள். உப்புக்காற்றில் ஊறிய தொண்டைகள், ஆணும் பெண்ணும். என் கள்ளத் திருப்பமும் அதற்குள் இருந்தது, பிசகாமல். முறைப்படி இரண்டாவது தரம் ஒரு படி மேலே ஏற்றிப் பாடினார்கள். செபமாலை, நான் கண்டதில் முதல் முறையாக, தட்டை விட்டுவிட்டு மேள விளிம்பில் மட்டும் தட்டினார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கினேன். இவ்வளவு காலம் எங்கே மூச்சு வாங்கினேன் என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அவர்கள் முடித்தார்கள். இப்போது என் முறை. அவர்கள் ஏற்றிய இடத்திலிருந்து நான் தொடங்கவேண்டி இருந்தது, அது நான் விட்ட இடம் அல்ல. புதிதாக ஒன்று யோசிக்கவேண்டி வந்தது. காது திரும்பி வருவதை உணர்ந்தேன். மரத்துப்போன காலில் இரத்தம் ஏறுவது போல அது சற்று நோகவும் செய்தது.

எத்தனை தரம் போய் வந்தோம் என்று தெரியாது. அரசன் முடியை வாங்கில் வைத்துவிட்டுச் சனத்தோடு சனமாய் இருந்துவிட்டான். அண்ணாவியாரின் கையில் இருந்த சல்லாரித் தாளம் எப்போது சத்தம் போடத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, “அரசன் எங்கை?” என்று அதட்டினார்.

கூத்து முடிந்ததும் குறை சொல்கிற நேரம். மந்திரிக்குக் கால் பிழை என்றார்கள். இளவரசிக்கு வயது கூடிவிட்டது என்றார்கள். என்னைப் பற்றி ஒரு கிழவி மட்டும், “அந்த ஊதுறவர் முதல் கொஞ்சம் வழி தெரியாமல் அலைஞ்சவர்,” என்றாள்.

அதற்கிடையில் அண்ணாவியாருக்கும் செபமாலைக்கும் வாக்குவாதம் தொடங்கியிருந்தது.

“குழல் யாஸுக்குப் பக்கத்தில இருக்கோணும்,” என்றார் செபமாலை.

“உன்ர இடிச்சத்தத்துக்குள்ள அந்த மனுசன் என்னத்தைக் கேக்கிறது? பிற்பாட்டுக்குப் பக்கத்தில வாங்கு போடு. மேடைக்கும் அதுதான், அடுத்த வருசத்துக்கும் அதுதான்.”

நான் இருப்பேனா, போவேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்காருகிற வாங்கு எங்கே என்பது மட்டும்தான் பிரச்சினை.

மறுமுனை

ஊர்காவற்றுறையில் தொலைபேசி எடுக்கிற கொமினிகேசன் கடை பூட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் புழுக்கம். பாக்கியம் உடனே எடுத்தாள், பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

“மூண்டு பேர் கிடைச்சினமோ?”

“ரெண்டு பேர்.”

“அப்ப சரிவரேல்லை.”

“மற்ற ஆக்கள் வாசிக்கிறேல்லை. பாடுகினம். நான் வாசிக்கிறதை வாங்கித் திருப்பிப் பாடுகினம்.”

“எத்தினை பேர்?”

“எண்ணேல்லை.”

கொடியில் காய்கிற உடுப்பையும் எண்ணி எடுக்கிறவன் நான். அது அவளுக்குத் தெரியும். கம்பிக்குள் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அங்கை கிணத்துத் தண்ணி எப்பிடி?” என்றாள்.

“உவர்.”

“பருப்பு அவியாது.”

“சுணங்கும்.”

“சரி. பிறசர் குக்கரைக் கடைசியாத்தான் கட்டோணும்,” என்றாள். “அதுவரைக்கும் இஞ்சையும் சமைக்க வேணுமே.”